கட்டுப்படியாகிறதா? ஒரு ஏக்கர் நெல்லுக்கு மூன்று கணக்கு

தை மாதக் கடைசி. மன்னார்குடிப் பக்கம் ஒரு டீக்கடை. பெரியப்பாவும் அவருக்கு அடுத்த வயல்காரரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் அறுவடை முடிந்த வாரம்.

"ஏக்கருக்கு இருபத்தாறாயிரத்துல முடிச்சிட்டேன்" என்றார் பெரியப்பா.

"எப்படிண்ணே? எனக்கு நாப்பத்தொண்ணு ஆயிடுச்சே!"

ஒரே வாய்க்கால் தண்ணீர், ஒரே விதை, நடவு ஆட்களும் ஒரே செட். அறுத்த வண்டிகூட ஒன்றுதான். பதினைந்தாயிரம் ரூபாய் எங்கே போனது? டீக்கடையில் இருந்தவர்கள் பெரியப்பாவைக் கெட்டிக்காரர் என்றும் மற்றவரை ஏமாளி என்றும் முடிவு கட்டிவிட்டார்கள். உண்மையில் இரண்டு பேர் சொன்னதும் சரி. இரண்டு பேரும் எண்ணியது வேறு வேறு.

விவசாயம் 'கட்டுப்படியாகவில்லை' என்று தினமும் கேட்கிறோம். 'விலை ஏறிவிட்டதே, அப்புறம் என்ன?' என்று பதில் சொல்பவர்களும் உண்டு. எந்தச் செலவைச் சேர்த்தோம், எதை விட்டோம், எத்தனை மூட்டையால் வகுத்தோம் என்று இரு தரப்பும் சொல்வதில்லை. அதைச் சொல்லாமல் கட்டுப்படி பற்றிப் பேசினால் விடிய விடியப் பேசலாம். டெல்டாவில் ஒரு ஏக்கர் சம்பாவை எடுத்துக்கொண்டு அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். கீழே வரும் செலவுத் தொகைகள் எல்லாம் மாதிரிக்குத்தான். உங்கள் ஊர்க் கூலியையும் வாடகையையும் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்; வழி மாறாது.

வேன் வாடகையும் சாப்பாட்டுச் செலவும்

வயலுக்குப் போகும் முன் வேளாங்கண்ணிக்கு ஒரு வேன் பிடிப்போம். வாடகை 6,000 ரூபாய். ஆளுக்குச் சாப்பாடு 150. பன்னிரண்டு பேர் வருவதாகப் பேச்சு. தலைக்கு வாடகை 500, சாப்பாடு 150, ஆக 650 ரூபாய் வசூல்.

கிளம்பும் அன்று நாலு பேர் வரவில்லை. சாப்பாட்டுச் செலவு குறைந்துவிட்டது, சரி. வேன்காரர் வாடகையைக் குறைப்பாரா? மாட்டார். இப்போது தலைக்கு 750, சாப்பாடு 150, மொத்தம் 900. வேனில் எதுவும் விலை ஏறவில்லை. ஆள் குறைந்தது, தலைக்கட்டு ஏறிவிட்டது.

நெல்லும் இப்படித்தான். உழவு, நடவு, உரம், களை, அறுவடை எல்லாம் வேன் வாடகை மாதிரி: ஏக்கருக்கு இவ்வளவு என்று போய்விடும், கண்டுமுதல் (அறுத்து வந்த நெல்) இருபது மூட்டையானாலும் நாற்பதானாலும். இவற்றை ஏக்கர் செலவு என்று வைத்துக்கொள்வோம். களத்தில் காயவைப்பது, தூற்றுவது, ஏற்றி இறக்குவது, வண்டி வாடகை ஆகியவை சாப்பாட்டுச் செலவு மாதிரி, மூட்டைக்கு இவ்வளவு. அது மூட்டைச் செலவு.

ஏக்கர் செலவை விளைச்சலால் வகுத்து, மூட்டைச் செலவைக் கூட்டினால் வருவதுதான் சமநிலை விலை: அந்த விலைக்கு விற்றால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஊர்ப் பேச்சில், முதலுக்கு மோசமில்லை. 'கட்டுப்படியாகும் விலை' என்று நாம் சொல்வது இதற்கும் கொஞ்சம் மேலே. குடும்பம் நடத்த ஏதாவது மிஞ்ச வேண்டும் அல்லவா? ஆனால் மேலே எவ்வளவு என்று பேசுவதற்கு முன்னால் இந்தத் தரை எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

'ஏக்கருக்கு இருபத்தாறாயிரம்' என்ற தகவலை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்பதும் இதனால்தான். எத்தனை மூட்டை என்று தெரியாதவரை அது பாதிக் கணக்கு.

பெரியப்பாவின் கணக்கு

டெல்டாவில் இன்னும் பலர் மா கணக்கில்தான் பேசுகிறார்கள். நூறு குழி ஒரு மா, சுமார் 33 சென்ட். மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர். மூட்டையிலும் குழப்பம் உண்டு. வியாபாரியிடம் ஒரு மூட்டை 60 கிலோ, சில இடங்களில் 62. அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம். 'முப்பது மூட்டை கண்டது' என்று யாராவது சொன்னால் எத்தனை கிலோ மூட்டை என்று முதலில் கேளுங்கள். இங்கே 60 கிலோ மூட்டை. 30 மூட்டை என்றால் 18 குவிண்டால்.

பெரியப்பா எல்லாவற்றையும் தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் எழுதி, ஒரு கிளிப்பில் மாட்டி வைப்பார். அந்தத் தாள்களைச் சேர்த்தால் இப்படி வருகிறது:

விதை, நாற்றங்கால்: 1,500
சேடை உழவு, டிராக்டர் வாடகை: 3,600
அண்டை வெட்டு, வரப்பு வேலை: 1,400
நாற்றுப் பறித்து நடவு: 5,500
களைக்கொல்லி, ஒரு கைக்களை: 2,500
உரமும் தெளிக்கிற கூலியும்: 4,000
பூச்சி மருந்து, அடிக்கிற கூலி: 2,000
அறுவடை வண்டி: 4,000
வட்டி, பயிர்க் காப்பீடு, சில்லறை: 1,500

மொத்தம் 26,000 ரூபாய். மூட்டைச் செலவு குவிண்டாலுக்கு 100 என்று வைப்போம்.

26,000-ஐ 18 குவிண்டாலால் வகுத்தால் 1,444. அதோடு 100 சேர்த்தால் 1,544 ரூபாய். கைக்காசை மட்டும் எண்ணினால் இதுதான் பெரியப்பாவின் சமநிலை விலை.

2025-26 பருவத்துக்கு மத்திய அரசு பொது ரக நெல்லுக்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். தமிழ்நாடு அரசு 131 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்து அந்தப் பருவத்துக்கு 2,500 தந்தது. சன்ன ரகத்துக்கு 2,545. பொது ரக விலையை வைத்தே பார்த்தால், 18 குவிண்டாலுக்கு 45,000 வரவு. 26,000 ஏக்கர் செலவு, 1,800 மூட்டைச் செலவு போக 17,200 கையில். பெரியப்பா டீக்கடையில் உற்சாகமாக இருந்ததன் காரணம் இந்த எண்தான்.

இந்தப் பட்டியலில் இரண்டு வரிகளைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஒன்று வட்டி. தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டிவிட்டால் வட்டி கிடையாது. அந்தக் கடன் கிடைக்காமல் வெளியில் 20,000 ரூபாயை ரெண்டு வட்டிக்கு வாங்கினால், நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வீதம் ஆறு மாதத்துக்கு 2,400. குவிண்டாலுக்கு 133 ரூபாய் கூடிவிடும். வயலில் ஒரு வித்தியாசமும் தெரியாது.

இன்னொன்று பட்டியலில் இல்லாதது: வைக்கோல். கட்டு கட்டி விற்று 1,800 ரூபாய் கிடைத்தால் அதைச் செலவில் கழிக்க வேண்டும். சமநிலை விலையில் சரியாக நூறு ரூபாய் குறையும். அதேபோல வீட்டுச் சாப்பாட்டுக்கு எடுத்து வைத்த நெல்லும் கண்டுமுதல்தான். 'இருபத்தஞ்சு மூட்டைதான் போட்டேன்' என்று விற்றதை மட்டும் வைத்து வகுத்தால், குதிரில் இருக்கும் ஐந்து மூட்டை காணாமல் போய்விடும். அதைக் கடையில் வாங்கியிருந்தால் காசு கொடுத்திருப்போம்.

எந்த வருஷத்து மூட்டை?

கணக்கில் அதிகம் தவறுவது மேலே இருக்கும் செலவில் இல்லை, கீழே இருக்கும் விளைச்சலில். யாரைக் கேட்டாலும், 'நம்ம வயல்ல முப்பத்தஞ்சு வந்துரும்' என்பார்கள். வந்ததும் உண்மை. ஆனால் எல்லா வருஷமும் வருமா?

ஐந்து வருஷத்துக் கண்டுமுதல் இப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள்: 34, 36, 12, 32, 36. அந்தப் பன்னிரண்டு வெள்ள வருஷம். 'அது கணக்கில்லப்பா, அந்த வருஷம் யாருக்குமே இல்லை' என்று தள்ளிவிட்டால் சராசரி 34.5. சேர்த்தால் 30. ஐப்பசியும் கார்த்திகையும் கடந்துதான் சம்பா வீடு வந்து சேர வேண்டும் எனும்போது, வெள்ள வருஷத்தை எப்படிக் கணக்கில் சேர்க்காமல் இருப்பது? என்னைக் கேட்டால், அந்த ஒரு வருஷத்தைச் சேர்ப்பவர்தான் கணக்குப் பார்க்கிறார்; மற்றவர் தைரியம் சொல்லிக்கொள்கிறார்.

வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? அதே 26,000 ரூபாய்க்கு, 35 மூட்டை என்று வைத்தால் சமநிலை விலை 1,338. 30 மூட்டைக்கு 1,544. பன்னிரண்டு மூட்டை வந்த வருஷத்தில் 3,711. செலவு ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை.

ஈரப்பதம் என்று இன்னொன்று ஒளிந்திருக்கிறது. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதம் வரை ஏற்பது பொது விதி. மழை வருஷங்களில் விவசாயிகள் தளர்வு கேட்பதும் சில நேரம் கிடைப்பதும் உண்டு. வண்டி அறுத்துக் கொட்டும்போது 22 சதவீதம் இருந்தால், நூறு கிலோவில் 78 கிலோதான் உலர்ந்த பொருள். அதைக் களத்தில் பரப்பி 17-க்குக் கொண்டுவந்தால் எடை சுமார் 94 கிலோவாகிவிடும். வயலில் எண்ணிய முப்பது மூட்டை தராசுக்கு வரும்போது இருபத்தெட்டு சொச்சம். வகுக்க வேண்டியது தராசில் நின்ற எடையால். பதரும் தூசியும் போனது தனி.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: ஏக்கருக்கு ஆன கைக்காசு, அதை வகுக்க வெள்ள வருஷமும் சேர்ந்த சராசரி எடை, அதன் மேல் மூட்டைச் செலவு. வந்த விடை 1,544. பக்கத்து வயல்காரரின் நாற்பத்தொன்றுக்கு இன்னும் நாம் போகவில்லை.

இட்லிக் கடை அக்காவுக்குச் சம்பளம் யார் தருவது?

தெருமுனையில் ஓர் அக்கா வீட்டுத் திண்ணையில் இட்லி விற்கிறார். அரிசி, உளுந்து, கேஸ், தேங்காய் எல்லாம் போக நாளுக்கு 400 ரூபாய் நிற்கிறது. லாபம் 400 என்கிறார். காலை நாலு மணிக்கு எழுந்து பத்து மணி வரை அவர் நின்ற கூலி? வேறொரு ஓட்டலில் அதே வேலைக்குப் போனால் 350 தருவார்கள் என்றால், சொந்தக் கடையால் வந்த அதிகப்படி 50 ரூபாய்தான். திண்ணையை ஒரு செல்போன் கடைக்கு வாடகைக்கு விட்டால் நாளுக்கு 60 ரூபாய் வருமென்றால், அந்த ஐம்பதும் போச்சு.

கையிலிருந்து பணம் போகவில்லை, ஆனால் வேறு வழியில் வந்திருக்கக்கூடிய பணத்தை விட்டுக்கொடுத்திருக்கிறோம். இதற்கு வாய்ப்புச் செலவு என்று பெயர். அக்கா கடையை மூட வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. வீட்டிலேயே இருக்கலாம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம், யாரும் ஏவ மாட்டார்கள். அதற்கெல்லாம் மதிப்பு உண்டு. 400 ரூபாய் 'லாபம்' அல்ல, பெரும்பகுதி அவர் கூலி என்பதுதான் விஷயம்.

வயலுக்கு வருவோம். நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டியது, உரம் வீசியது, மடை பார்த்தது, களத்தில் நெல்லைக் கிளறிவிட்டது. பெரியப்பாவும் பெரியம்மாவும் ஓர் ஏக்கருக்குப் பன்னிரண்டு ஆள் நாள் உழைத்திருக்கிறார்கள் என்று வைப்போம். நாளுக்கு 500 என்றால் 6,000. செலவு 32,000 ஆகிறது. சமநிலை விலை 1,878. இது இரண்டாவது கணக்கு.

மூன்றாவதில் நிலத்தையும் சேர்க்கிறோம். பக்கத்து வயல்காரர் குத்தகைக்காரர். ஏக்கருக்கு ஆறு மூட்டை அளக்க வேண்டும் என்று பேச்சு. 3.6 குவிண்டால், 2,500 ரூபாய் விலைக்கு 9,000. 26,000, 6,000, 9,000: நாற்பத்தோராயிரம். டீக்கடையில் அவர் சொன்ன எண் வந்துவிட்டது பாருங்கள். அவர் தன் கூலியையும் குத்தகையையும் சேர்த்துச் சொன்னார். பெரியப்பா இரண்டையும் சேர்க்கவில்லை. அதில் ஒரு நியாயம் இருக்கிறது. குத்தகை பெரியப்பாவுக்குக் கற்பனைச் செலவு. பக்கத்து வயல்காரருக்கு அது அளந்து கொடுத்த நெல். கூலியை விட்டுவிட்டு அவருடைய கைச்செலவை மட்டும் எண்ணினாலே 35,000, சமநிலை விலை 2,044. ஒரே வரப்பின் இரண்டு பக்கமும் ஒரே விலை ஒரே மாதிரி கட்டுப்படியாகாது.

இன்னும் ஒரு சின்ன வரி உண்டு: தேய்மானம். பத்தாயிரம் கொடுத்து வாங்கிய விசைத் தெளிப்பான் ஐந்து வருஷம் உழைக்கும் என்றால், வருஷத்துக்கு 2,000 ரூபாய் தேய்கிறது. நாலு ஏக்கருக்குப் பயன்பட்டால் ஏக்கருக்கு 500. மோட்டார், தார்ப்பாய், சொந்தப் பணத்துக்கான வட்டி எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு 1,500 என்று முடிப்போம். மொத்தம் 42,500. சமநிலை விலை 2,461.

கொள்முதல் விலை 2,500. குவிண்டாலுக்கு 39 ரூபாய், ஏக்கருக்கு 700 ரூபாய் மீதி. 'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது' என்ற பழமொழியைச் சொல்லி நாம் பெருமூச்சு விடுவதுண்டு. அதைச் சொன்னவர் மூன்றாவது கணக்கைப் போட்டிருக்கிறார். முதல் கணக்கில் உழக்கு என்ன, மூட்டை மூட்டையாகவே மிஞ்சுகிறது.

ஆக ஒரே வயலுக்கு 1,544, 1,878, 2,461 என மூன்று சமநிலை விலைகள். எது உண்மை என்று கேட்பதில் பயனில்லை. என்ன முடிவு எடுக்கப் போகிறோம் என்பதைப் பொறுத்து ஒன்றை எடுக்க வேண்டும். இந்தப் போகம் சாகுபடி செய்தால் கடனைக் கட்ட முடியுமா என்பதற்கு முதல் கணக்கு போதும். நிலத்தை நாமே செய்வதா, குத்தகைக்கு விடுவதா என்பதற்கு மூன்றாவது வேண்டும். பெரியப்பா விட்டிருந்தால் சும்மா இருந்தே 9,000 வந்திருக்கும். செய்ததால் 17,200. அதிகப்படியாக வந்த 8,200-க்குப் பன்னிரண்டு நாள் உழைப்பு. நாளுக்கு 683 ரூபாய். கூலிக்குப் போவதைவிடத் தேவலை, ஆனால் 26,000 ரூபாயை ஐந்து மாதம் மழைக்கு முன்னால் நிறுத்தி வைத்ததற்கும் சேர்த்துத்தான் அந்தத் தொகை.

'ஒன்றரை மடங்கு' சண்டை

செய்தியில் வரும் ஆதரவு விலைச் சண்டை இந்த மூன்று கணக்கின் பெரிய வடிவம். வேளாண் செலவுகள் மற்றும் விலைகளுக்கான ஆணையம் சாகுபடிச் செலவை எழுத்துகளால் பிரிக்கிறது. ஏ2 என்பது விவசாயி கொடுத்த செலவுகள்: விதை, உரம், கூலி, வட்டி, தேய்மானம், குத்தகை நிலமானால் கொடுத்த குத்தகை. அதோடு குடும்ப உழைப்பின் மதிப்பைச் சேர்த்தால் ஏ2+எஃப்.எல். சொந்த நிலத்தின் வாடகை மதிப்பையும் சொந்த முதலீட்டின் வட்டியையும் சேர்த்தால் சி2. நாம் மேலே போட்ட முதல், இரண்டாம், மூன்றாம் கணக்குகளுக்கு ஏறக்குறைய இவை ஒத்துப்போகும்.

எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம், ஆதரவு விலை சராசரி உற்பத்திச் செலவைவிடக் குறைந்தது 50 சதவீதம் அதிகமாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2018-19 மத்திய பட்ஜெட்டில், செலவைப் போல ஒன்றரை மடங்கு விலை என்று அறிவித்தார்கள். எந்தச் செலவைப் போல? அரசு எடுத்துக்கொண்டது ஏ2+எஃப்.எல். 2025-26-இல் நெல்லுக்கு அது நாட்டுச் சராசரியாக 1,579 ரூபாய். ஒன்றரை மடங்கு போட்டால் 2,369 வந்துவிடும். சி2-வின் மேல் 50 சதவீதம் வேண்டும் என்பது விவசாயச் சங்கங்களின் கோரிக்கை. 'கொடுத்துவிட்டோம்', 'கொடுக்கவில்லை' என்று இரண்டு தரப்பும் ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பது டீக்கடை பெஞ்சில் நடந்த அதே பேச்சுதான்.

அந்த 1,579 பல மாநிலங்களின் சராசரி என்பதையும் மறந்துவிடக் கூடாது. பஞ்சாப் வயலும் மன்னார்குடி வயலும் அதற்குள் ஒன்றாக இருக்கின்றன. உங்கள் வயலின் எண் உங்கள் காலண்டர் தாளில்தான் இருக்கும்.

கணக்கைத் திருப்பிப் போட்டால்

விலை முன்பே தெரிந்திருந்தால் கேள்வியை மாற்றிக் கேட்கலாம்: எத்தனை மூட்டை வந்தால் தப்பிப்பேன்? இதற்குச் சமநிலை விளைச்சல் என்று பெயர். விலையிலிருந்து மூட்டைச் செலவைக் கழித்து, அதனால் ஏக்கர் செலவை வகுக்க வேண்டும்.

2,500-இல் 100 போக 2,400. 26,000-ஐ அதனால் வகுத்தால் 10.8 குவிண்டால், பதினெட்டு மூட்டை. மூன்றாவது கணக்கின் 42,500-க்கு 17.7 குவிண்டால், அதாவது இருபத்தொன்பதரை மூட்டை. முன்பு ஈரத்தில் கரைந்த ஒன்றே முக்கால் மூட்டை ஞாபகம் இருக்கிறதா? முப்பது என்று நினைத்து அறுத்தவர் தராசில் இருபத்தெட்டுக்கு வரும்போது இந்தக் கோட்டுக்குக் கீழே போய்விடுகிறார். கொள்முதல் நிலையத்தில் வரிசை நீண்டு, அவசரத்துக்கு வியாபாரியிடம் 1,900-க்குப் போட்டால், கைக்காசு திரும்பவே இருபத்துநாலு மூட்டை வேண்டும்.

விதை வாங்கும் நாளில் கேட்க வேண்டிய கேள்வி இது என்பேன். பதினெட்டு மூட்டைக்குக் கீழே போன வருஷம் ஐந்தில் எத்தனை? ஒன்று. அதைத் தாங்கக் கையில் ஏதாவது இருக்கிறதா என்று யோசிக்க அப்போது நேரம் இருக்கும்.

பயிர் சாய்ந்த பிறகு போடும் கணக்கு

2023 பிப்ரவரித் தொடக்கத்தில் டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பா பல இடங்களில் மழையில் சாய்ந்தது. அந்த மாதிரி நாளில், ஏக்கருக்கு 22,000 போட்டாயிற்று, கதிர் தண்ணீரில் கிடக்கிறது. டயர் வண்டி இறங்காது. பெல்ட் வண்டிதான் வேண்டும், சாய்ந்த பயிரை அறுக்க மூன்று மணி நேரம் பிடிக்கும் என்கிறார் ஓட்டுநர். மணிக்கு 2,800 என்றால் 8,400. தேறுவது பத்து மூட்டை, ஆறு குவிண்டால். ஈர நெல்லை வியாபாரி 1,600-க்குக் கேட்கிறார்.

அறுப்பதா, மாட்டை விடுவதா?

இங்கேதான் நல்ல கணக்குக்காரர்களும் தடுமாறுகிறார்கள். ஒருவர், 'இருபத்திரண்டாயிரம் போட்டிருக்கேன், எப்படி விடறது?' என்று அறுக்கிறார். இன்னொருவர், 'மொத்தம் முப்பதாயிரம் செலவாகும், வரவு ஒன்பதாயிரம், எதுக்கு அறுக்கணும்?' என்று விடுகிறார். இரண்டு பேரும் 22,000-ஐப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அறுத்தாலும் விட்டாலும் அது திரும்பி வரப் போவதில்லை. இன்றைய முடிவில் அதற்கு இடமே கிடையாது. இப்படி ஏற்கெனவே போய்விட்ட பணத்தை மூழ்கிய செலவு என்பார்கள். இந்த இடத்தில் பெயர் கொஞ்சம் அளவுக்கு மேலேயே பொருந்துகிறது.

இன்றைக்கு எண்ண வேண்டியது இனிமேல் ஆகும் செலவை மட்டும். அறுவடை 8,400, மூட்டைச் செலவு 600, ஆக 9,000. வரவு 9,600. அறுத்தால் 600 ரூபாய் மிச்சம். 8,400-ஐ ஆறால் வகுத்து நூறு சேர்த்தால் இன்றைய சமநிலை விலை 1,500. நடவு அன்று 1,544 ஆக இருந்தது இதுவல்ல. அது முழுப் போகத்துக்கு, இது மீதி இருக்கும் ஒரே வேலைக்கு. வியாபாரி 1,450 என்று இறங்கினாலோ, தேறுவது ஒன்பது மூட்டைதான் என்றாலோ, விட்டுவிடுவது மேல். அதோடு, டெல்டாவில் அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்து தெளிப்பார்கள். ஈர வயலில் பெல்ட் வண்டி இறங்கி முளைத்த உளுந்தைச் சேற்றில் அமுக்கினால் அந்த 600 எந்த மூலைக்கு?

பயிர் வளர வளர இந்த விலை இப்படி நகர்ந்துகொண்டே இருக்கும். விதைக்கும் முன் எல்லாச் செலவும் முன்னால் இருக்கிறது. அறுவடை அன்று ஏறக்குறைய எல்லாமே பின்னால்.

திரும்பவும் டீக்கடை

இந்த மூன்று கணக்கையும் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிப் பெரியப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே படித்தார். மூன்றாவது கணக்கின் 700 ரூபாயில் வந்து நின்றார்.

"பரவால்லை, நட்டம் இல்லைங்கிறே."

"இல்லை பெரியப்பா. எழுநூறு மிச்சம்."

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க ஆள் நாள் பன்னெண்டுன்னு போட்டிருக்கியே, ராத்திரி மடை பார்க்கப் போனேனே, நாலு ராத்திரி, அது எங்கே?"

எழுதவில்லை. நாலு ராத்திரி, நாளுக்கு ஐந்நூறு, இரண்டாயிரம். பேனாவை வாங்கி அவரே 700-ஐ அடித்துவிட்டு, பக்கத்தில் '1,300 நட்டம்' என்று எழுதி, தாளைக் கிளிப்பில் மற்ற தாள்களோடு மாட்டினார்.